எரிபொருள் தீர்ந்து விழும் சிறிய விமானங்கள்: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒற்றை எஞ்சின் விமானங்களில் பயிற்சி தரும் ஆசிரியர் பதிலளிக்கிறார்.

கேள்வி: அனுபவமில்லாத மாணவர்கள்தானே இப்படி விபத்துக்குள்ளாகிறார்கள்?

பதில்: இல்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் வெளியிட்ட எச்சரிக்கையைப் படியுங்கள். 2011 முதல் 2015 வரை, எரிபொருள் கவனக்குறைவால் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட விபத்துகள். அந்த விமானிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வணிக உரிமமோ (சம்பளத்துக்குப் பறக்க அனுமதிப்பது) அதைவிட உயர்ந்த உரிமமோ பெற்றவர்கள். மாணவர்கள் 2 சதவீதம்தான். மாணவனை இறக்கைமேல் ஏறி டேங்கைத் திறந்து பார்க்கச் சொல்ல ஆசிரியர் இருக்கிறார். உரிமம் வந்தபின் சொல்ல ஆளில்லை.

கேள்வி: டேங்க் காலியாவது மட்டும்தான் காரணமா?

பதில்: அதே எச்சரிக்கையின்படி 56 சதவீதம் அப்படி. இன்னொரு 35 சதவீதத்தில் விமானத்தில் எரிபொருள் இருந்தது, எஞ்சினுக்குப் போகவில்லை. செஸ்னா 172-இல் இரண்டு டேங்கிலிருந்தும் ஒருசேர எடுக்கலாம். பைப்பர் செரோக்கியில் இடது அல்லது வலது மட்டுமே. நேரம் பார்த்து நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் இறந்ததை நினைத்துப் பாருங்கள். அவருடைய லாங்-ஈஸி, வரைபடத்தை வாங்கித் தனிநபர்களே கட்டிக்கொள்ளும் வகை விமானம். அதைக் கட்டியவர், டேங்க் மாற்றும் பிடியை வரைபடத்தில் சொன்ன இடத்தில் வைக்காமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அளவுமானிகளும் பின்பக்கம், பார்க்கக் கண்ணாடி தேவைப்பட்டது. டென்வர் எரிபொருள் நிரப்ப வேண்டாம் என்று சொல்லிக் கிளம்பினார். பிடியைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறிக் கட்டுப்பாட்டை இழந்தார் என்றது விசாரணை. உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டாத பிடியுள்ள விமானத்தில் ஏறாதீர்கள்.

கேள்வி: அளவுமானி 'காலி' என்னும் இடத்தில் மட்டும் சரியாகக் காட்டினால் போதும் என்பதுதானே சட்டம்?

பதில்: இந்தத் தவறான நம்பிக்கை ஆசிரியர்களிடமே உலவுவதுதான் என் கவலை. கிடைமட்டமாகப் பறக்கையில், பயன்படுத்தக்கூடிய எரிபொருள் தீர்ந்ததும் முள் பூஜ்யம் காட்ட வேண்டும் என்பது, 2017-க்கு முன் சான்று பெற்ற சிறிய விமானங்களுக்கான விதி. டேங்கின் அடியில் எஞ்சினுக்கு எட்டாத கொஞ்சம் எப்போதும் தங்கும். அதைக் கணக்கில் சேர்க்காதே என்பதே இதன் நோக்கம். பறக்கும்போது எவ்வளவு இருக்கிறது என்று விமானிக்குக் காட்ட வேண்டும் என்பதையும் அதே விதி சொல்கிறது.

கேள்வி: ஆனால் எங்கள் விமானத்தில் முள் ஆடிக்கொண்டே இருக்கிறதே. அதை எப்படி நம்புவது?

பதில்: அப்படியானால் பழுது பாருங்கள். இல்லாவிட்டால் முள் உண்மையிலேயே வேகமாக இறங்கும்போதும், 'இது எப்போதும் இப்படித்தான்' என்று விமானி விட்டுவிடுவார். இறக்கையின் மேலுள்ள டேங்க் மூடி சரியாகப் பூட்டாமல் இருந்தால், அங்குள்ள காற்றழுத்தக் குறைவு எரிபொருளை வெளியே உறிஞ்சிவிடும். அதைச் சொல்ல உங்களிடம் இருப்பது அந்த முள் மட்டுமே. கிளம்பும் முன் டேங்கில் அளவுக் குச்சி விட்டுப் பார்த்த அளவு, பறந்த நேரத்தை வைத்துப் போட்ட கடிகாரக் கணக்கு, முள்: மூன்றில் எது குறைவோ அதை நம்புங்கள்.

கேள்வி: முள் சரியாக இருந்தால் குச்சி எதற்கு?

பதில்: மூன்றும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். குச்சி விடாமல் கிளம்பாதீர்கள்.

கேள்வி: டேங்க் நிரம்பியிருந்தால் ஐந்து மணி நேரம் பறக்கலாம் என்கிறது விமானக் கையேடு. எனக்கு நான்கரைதான் வருகிறது. ஏன்?

பதில்: கையேட்டுக் கணக்கு, குறிப்பிட்ட உயரத்தில் கலவையை, அதாவது காற்றோடு சேரும் எரிபொருளின் விகிதத்தை, முறைப்படி குறைத்துப் பறந்தால் மட்டுமே பொருந்தும். நீங்கள் கலவைக் குமிழைத் தொடவே இல்லை என்று நினைக்கிறேன். நிரப்பும்போதெல்லாம் எத்தனை லிட்டர் பிடித்தது, எவ்வளவு நேரம் பறந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். உங்கள் விமானத்தின் உண்மையான கணக்கு அதுதான்.

கேள்வி: கையிருப்பு எவ்வளவு வேண்டும்?

பதில்: கண்பார்வை விதிப்படி, அதாவது கருவிகளை நம்பாமல் வெளியே பார்த்துப் பறந்தால், அமெரிக்கச் சட்டம் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் என்கிறது. நான் ஒரு மணி நேரம் என்கிறேன். எதிர்காற்று அதைத் தின்னத் தொடங்கினால் வழியிலேயே இறங்கி நிரப்புங்கள். வீடு அருகில்தானே என்று தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: 2016-இல் கொலம்பியாவில் கால்பந்து அணியுடன் விழுந்த விமானம்?

பதில்: அது ஜெட். பெரிய விமானங்களை ஓட்டுபவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அளவுமானியை நம்பலாமா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: எஞ்சின் நின்றேவிட்டால்?

பதில்: முதலில் சறுக்கு வேகம், அதாவது எஞ்சின் இல்லாமல் அதிக தூரம் மிதந்து செல்லும் வேகம்; செஸ்னா 172எஸ்-இல் 68 நாட். இறங்க ஒரு வயலைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிறகு டேங்கை மாற்றுங்கள், கலவையைக் கூட்டுங்கள், துணைப் பம்பைப் போடுங்கள். எஞ்சின் எழாவிட்டால் அந்த வயலை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அளவுக் குச்சி தொலைந்துவிட்டது. வேறு விமானத்தின் குச்சி போதுமா?

பதில்: போதாது. டேங்கின் வடிவத்துக்கேற்ப அளவு மாறும். உங்கள் விமானத்துக்குரிய குச்சி வரும்வரை, எடை வரம்பு இடம் கொடுத்தால், விளிம்புவரை நிரப்பிக்கொண்டு மட்டும் கிளம்புங்கள்.