செடிக்கு என்னைத் தெரியுமா? ஒரு தாவரவியல் ஆசிரியரின் பதில்கள்

கல்லூரியில் தாவரச் செயலியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மாடித் தோட்டக் குழுவினர், செடிகள் மனிதர்களை உணருமா என்ற தலைப்பில் கேள்விகளைத் திரட்டி அனுப்பினார்கள். உரம், மண்கலவை, பூச்சிமருந்து பற்றிய கேள்விகள் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி அவைதான். அவற்றைத் தள்ளிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

சேலம், வாசகி: தினமும் காலையில் என் மணிபிளான்டோடு பேசுகிறேன். அதன்பின் நன்றாக வளர்கிறது. நாம் விடும் மூச்சுக்காற்று காரணம் என்கிறார்கள். உண்மையா?

நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு ஏறக்குறைய 4 சதவீதம். வெளிக்காற்றில் 0.04 சதவீதம்தான். நூறு மடங்கு என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். ஐந்து நிமிடப் பேச்சில் வரும் வாயு, ஜன்னல் திறந்திருந்தால் சில நொடிகளில் கலைந்துவிடும். உங்கள் செடி வளர்வதற்கு நான் கருதும் காரணம் வேறு. தினமும் பேசப் போகிறவர் தினமும் பார்க்கிறார். இலைக்கடியில் மாவுப்பூச்சி வந்தால் முதல் நாளே கண்ணில் படுகிறது, மண் காய்ந்தால் தெரிகிறது. பேசுங்கள் அம்மா, தவறில்லை. பேசும்போதெல்லாம் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்.

நாமக்கல்: தொட்டாற்சிணுங்கி நம்மை உணர்ந்துதானே சுருங்குகிறது? பிறகு ஏன் செடிக்கு உணர்வில்லை என்கிறீர்கள்?

அப்படி நான் எப்போதும் சொன்னதில்லை. உணர்வு உண்டு. எதை உணர்கிறது என்பதுதான் கேள்வி.

தொட்டாற்சிணுங்கியின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சிறிய வீக்கம் ஒன்று இருக்கும். சிற்றிலைகளின் அடியிலும் அதேபோல உண்டு. விரல் பட்டதும் ஒரு மின்குறிப்பு இலையினூடே ஓடி அந்த மூட்டை அடைகிறது. மூட்டின் ஒரு பக்கத்து செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன, அவற்றின் பின்னால் தண்ணீரும் போய்விடுகிறது. காற்று இறங்கிய பந்துபோல அந்தப் பக்கம் தளர்கிறது, இலை சாய்கிறது. தசையும் இல்லை, நரம்பும் இல்லை, எல்லாம் நீரழுத்தத்தின் வேலை. மீண்டும் விரிய பத்து, இருபது நிமிடங்கள் ஆகும். அதுவரை அந்த இலைக்கு வெயில் நட்டம். ஆகவே குழந்தைகளை விட்டு நாள் முழுதும் தொடச் சொல்லாதீர்கள்.

இன்னும் சுவையானது 2014-ல் வந்த ஓர் ஆய்வு. மோனிகா காக்லியானோ என்பவரின் குழு தொட்டாற்சிணுங்கித் தொட்டிகளைப் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தென்ற தளத்தில் மீண்டும் மீண்டும் விழச் செய்தது. முதலில் சுருங்கிய செடிகள், ஆபத்து ஏதும் வராததால் போகப் போகச் சுருங்குவதை நிறுத்திக்கொண்டன. களைப்போ என்று குலுக்கிப் பார்த்தார்கள். உடனே சுருங்கின. நான்கு வாரம் கழித்தும் விழுவதைப் பொருட்படுத்தவில்லை. இதை ‘கற்றல்’ என்று அழைக்கலாமா என்று சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்தச் சொல்லில் தயக்கம் உண்டு, ஆனால் சோதனை அழகானது. கவனியுங்கள்: செடி தெரிந்துகொண்டது விழுவதைப் பற்றி. தூக்கிப் போட்டவரைப் பற்றியல்ல.

கோவை: மற்றச் செடிகளுக்குத் தொடுதல் தெரியுமா? கத்திரி, தக்காளி?

நன்றாகத் தெரியும், சுருங்கிக் காட்டுவதில்லை, அவ்வளவே. 1990-ல் ஜேனட் பிராமும் ரொனால்டு டேவிஸும் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில், ஒரு வளர்ச்சி ஹார்மோன் எந்த மரபணுக்களைத் தூண்டுகிறது என்று தேடினார்கள். ஹார்மோன் தெளித்த செடிகளில் சில மரபணுக்கள் விழித்துக்கொண்டன. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் தெளித்த செடிகளிலும் அதே மரபணுக்கள் விழித்திருந்தன! ஹார்மோனுக்கு அதில் வேலையே இல்லை. தெளிப்பின் தொடுதல்தான் காரணம். அரை மணி நேரத்துக்குள் நூறு மடங்கு வரை செயல்பாடு கூடியிருந்தது. தண்ணீர் தெளித்த அந்த ஒப்பீட்டுச் செடிகள் இல்லாதிருந்தால், ஹார்மோனின் பெருமை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். ஒப்பீட்டுச் செடி இல்லாமல் என்னிடம் எந்த அதிசயத்தையும் கொண்டுவராதீர்கள்.

அடிக்கடி தொடப்படும் செடி குட்டையாக, தண்டு தடித்து வளரும். காற்றடிக்கும் இடத்து மரம்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் பார்லி இளம்பயிரை மிதித்துவிடும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. வீட்டுக்குள் குழித்தட்டில் வளர்த்த தக்காளி நாற்று நெடுநெடுவென்று போகிறதா? உள்ளங்கையால் நுனியை மென்மையாக வருடிவிடுங்கள், தினமும் சில முறை. ஆனால் வெளிச்சக் குறைவை வருடல் சரிசெய்யாது.

பெயர் வேண்டாம் என்றவர்: எதிர்வீட்டுக்காரர் கண்பட்டு என் ரோஜா வாடிவிட்டது.

தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கும். பாருங்கள்.

தஞ்சாவூர், வாசகி: மாதவிலக்கு நாட்களில் மல்லிகை, கறிவேப்பிலை பக்கம் போனால் பட்டுப்போகும் என்று மாமியார் விடுவதில்லை. அறிவியல் காரணம் உண்டாமே?

இல்லை. ‘அறிவியல் காரணம் உண்டாமே’ என்று சொல்பவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1920-ல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற மருத்துவர், மாதவிலக்கில் இருந்த பணிப்பெண்ணின் கையில் கொடுத்த பூக்கள் சீக்கிரம் வாடியதாக எழுதினார். ‘மெனோடாக்சின்’ என்று ஒரு நச்சுக்குப் பெயரும் வந்தது. பல பத்தாண்டுகள் தேடினார்கள். அப்படி ஒரு நச்சு நிலைநிற்கவில்லை. ஷிக் சாதாரண மனிதரல்ல, தொண்டை அடைப்பான் நோய்க்கான சோதனைக்குத் தன் பெயரைத் தந்தவர். பெரிய மனிதர்களும் வீட்டில் கேட்ட கதையை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவருவார்கள் என்பதற்கு இது உதாரணம். பறித்த பூ சூடான கையில் இருந்தால் யார் கையிலும் வாடும். மாமியார் கையிலும்.

கை பற்றி உண்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு, அதை யாரும் கேட்கவில்லை. புகையிலைத் தேமல் வைரஸ் பீடி, சிகரெட் பிடிப்பவர்களின் விரல் வழியாகத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். தீட்டு பார்க்க வேண்டுமானால் அங்கே பாருங்கள். புகைத்த கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் செடியைத் தொடுங்கள்.

திருச்சி: பொறாமையோடு பார்த்தால் செடி...

ரோஜாக்காரருக்குச் சொன்னதே.

சென்னை: செடியில் பொய் கண்டுபிடிக்கும் கருவியை மாட்டியபோது நம் எண்ணத்தையே படித்ததாமே?

1966-ல் நியூயார்க்கில் கிளீவ் பேக்ஸ்டர் என்ற பொய்யறியும் கருவி வல்லுநர் டிரசீனா செடியில் மின்முனையை மாட்டினார். இலையைக் கொளுத்தலாமா என்று நினைத்ததுமே முள் எகிறியது என்றார். பிறகு உப்புநீரில் வாழும் சிற்றிறால்களைக் கொதிநீரில் கொட்டினால் பக்கத்து அறைச் செடி பதறுவதாகவும் எழுதினார். கார்னெல் பல்கலைக்கழகத்தினர் அதை ஒழுங்காகத் திரும்பச் செய்து 1975-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். செடி பதறவில்லை.

இப்போது இலையில் மாட்டினால் ‘செடியின் சங்கீதம்’ கேட்கும் கருவிகள் விற்கின்றன. நீங்கள் கிட்டே போனால் இசை மாறும். அறையெங்கும் மின்கம்பிகளின் ஐம்பது ஹெர்ட்ஸ் புலம் பரவியிருக்கிறது, நீங்கள் அதைக் கலைக்கும் ஓர் உப்புத்தண்ணீர் மூட்டை. அதே கம்பியை ஈரத்துணியில் மாட்டிப் பாருங்கள். துணியும் உங்களை வரவேற்கும்.

மதுரை: ஜகதீச சந்திர போஸ் செடிக்கு உயிர் உண்டென்று கண்டுபிடித்தாரே?

செடிக்கு உயிருண்டு என்பதில் அவருக்கு முன்னும் யாருக்கும் ஐயமில்லை. அவர் காட்டியது செடிக்குள் மின்குறிப்புகள் ஓடுவதை. கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் அவர் செய்தது. தொழுகண்ணிச் செடியின் சிற்றிலைகள் தாமாக ஏறி இறங்குவதையும் அளந்தார். இவ்வளவு செய்தவருக்குச் செய்யாத ஒன்றைச் சூட்டுவது அவருக்குப் பெருமையல்ல.

திருவையாறு, தமிழாசிரியர்: இதெல்லாம் எதற்கு? ‘ஒன்றறிவதுவே உற்றறிவதுவே’ என்றும், ‘புல்லும் மரனும் ஓரறிவினவே’ என்றும் தொல்காப்பியம் சொல்லிவிட்டது. தொடுவுணர்வு ஒன்றே செடிக்கு. அதைத்தானே நீங்களும் சுற்றிச் சுற்றிச் சொல்கிறீர்கள்?

ஐயா, தொடுதலை முதலில் வைத்தது கூர்மையான பார்வை, மறுக்கவில்லை. ஆனால் ‘ஒன்றே’ என்பதில்தான் எனக்கு வழக்கு. அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணிக் கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் பென்சில்வேனியாவில் அதன் இனமொன்றை வைத்துச் சோதித்தார்கள். தக்காளிச் செடியின் வாசனை வரும் பக்கமாகவே அது வளர்ந்தது. வாசனையை மட்டும் பிரித்து வைத்தாலும் அங்கேயே போனது. தொல்காப்பியக் கணக்கில் மூக்கு மூன்றாம் அறிவு. வெளிச்சமோ நான்காவது. செடி சிவப்பொளியையும் அதைத் தாண்டிய அகச்சிவப்பின் ஓரத்து ஒளியையும் பிரித்தறிந்து, பக்கத்துச் செடி நிழல் போடப்போகிறது என்பதை நிழல் விழுமுன்பே தெரிந்து உயரத் தொடங்கும்.

மீண்டும் திருவையாறு: ஒளியும் இலையில் படுகிறது. வாசனையும் துகளாக வந்து படுகிறது. படுவதெல்லாம் உறுதலே. எனவே உற்றறிவுதான்.

அப்படியானால் என் கண்ணில் ஒளி படுவதும் உறுதல், மூக்கில் மல்லிகை வாசம் படுவதும் உறுதல். ஆறறிவும் ஓரறிவாகிவிடும். தொல்காப்பியர் அத்தனை வரிகள் எழுதியிருக்க வேண்டியதில்லை.

கும்பகோணம், வாசகி (இடையில்): சார், நற்றிணையில் புன்னை மரத்தைத் தமக்கை என்கிறார்களே. மரம் பார்க்கிறது என்றுதானே தலைவி நாணுகிறாள்?

நல்ல இடத்துக்கு வந்தீர்கள். மணலில் மறந்துவிட்ட புன்னை விதை முளைத்தது. அதை வளர்த்தார்கள். இது உங்களைவிடச் சிறந்தவள், உங்கள் உடன்பிறந்தாள் என்று தாய் சொன்னாள். அதனால் அந்த நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அவள் நாணுகிறாள். நாணம் அவளுடையது. புன்னைக்கு நாணம் வந்ததாகப் பாட்டில் இல்லை. சங்கப் புலவருக்குத் தெரிந்த அந்த வேறுபாடு இன்றைக்கு விளம்பரக்காரர்களுக்குத் தெரியவில்லை. கூடவே ஒன்று: அந்தப் புன்னைக்கு நெய் கலந்த பால் ஊற்றி வளர்த்ததாகப் பாட்டு சொல்கிறது. நீங்கள் முயலாதீர்கள்.

மூன்றாம் முறை திருவையாறு: ‘அறிவு’ என்ற சொல்லையாவது ஒப்புக்கொள்வீர்களா, மாட்டீர்களா?

ஒப்புக்கொள்கிறேன். செடி அறிகிறது என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. எண்ணுகிறது, வருந்துகிறது என்று எழுதத்தான் கை வராது. போதுமா?

ஈரோடு: பள்ளியில் ஒரு செடியைத் திட்டியும் இன்னொன்றைப் பாராட்டியும் வளர்த்தார்களே. திட்டியது வாடிவிட்டது.

2018-ல் அமீரகத்தில் ஒரு அறைகலன் நிறுவனம் நடத்திய விளம்பர நிகழ்ச்சி. மொத்தம் இரண்டு செடி. இரண்டு செடியில் ஒன்று வாடும், என் வீட்டில் யாரையும் திட்டாமலே வாடுகிறது. குழந்தைகளைத் திட்டாதீர்கள் என்ற செய்தி சரி. அதற்குச் செடியைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

விழுப்புரம்: இசை?

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த டி.சி.என். சிங் செடிகளுக்குக் கர்நாடக இசை கேட்கச் செய்து, வளர்ச்சி கூடியதாக அறிவித்தார். ஒலிபெருக்கி வைத்தால் சூடும் அதிர்வும் கூடவே வரும். அவற்றைப் பிரிக்காமல் ராகத்துக்குப் பெருமை தர முடியாது. அதிர்வைச் செடி உணரும் என்பது மட்டும் உறுதி. புழு இலையைக் கடிக்கும் அதிர்வைப் பதிவுசெய்து அராபிடாப்சிஸில் ஓட்டினார்கள். பின்னர் புழு வந்தபோது அந்தச் செடி காரப்பொருளைக் கூடுதலாகச் சுரந்தது. 2014-ல் வந்த ஆய்வு.

வேலூர்: செடி வலியில் அலறுகிறது என்று செய்தி பார்த்தேன்.

டெல் அவிவ் பல்கலைக்கழகம், 2023. தண்ணீரில்லாத தக்காளி மணிக்கு முப்பது, ஐம்பது முறை ‘டிக்’ என்று நம் காதுக்கு எட்டாத ஒலி எழுப்புகிறது. நலமான செடி மணிக்கு ஒன்றுகூட இல்லை. நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழி உடைவதே காரணமாக இருக்கலாம். முழங்கால் சொடுக்கினால் அலறல் என்போமா?

கடலூர்: வீட்டில் சண்டை வந்தால் துளசி வாடுகிறது.

சண்டை நாளில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, அல்லது இருவரும் ஊற்றிவிட்டீர்கள். பூங்கதிர்களைக் கிள்ளிவிடுங்கள்.

கண்டியூர், எட்டாம் வகுப்பு மாணவி: தொட்டாற்சிணுங்கிக்கு என்னையும் என் தம்பியையும் பிரித்துத் தெரியுமா? அறிவியல் கண்காட்சிக்குச் செய்யலாமா?

இன்றைக்கு வந்த கேள்விகளில் இதுதான் முதல் தரம். செய், அம்மா.

விரலால் தொடாதே. உன் விரலுக்கும் தம்பி விரலுக்கும் சூடு வேறு, வியர்வை வேறு, அழுத்தம் வேறு. ஒரே அளவில் பெயின்ட் பிரஷ் இரண்டு வாங்கு. ஒரே வயதுச் செடி பன்னிரண்டு எடு. நான்கை நீ தொடு, நான்கைத் தம்பி தொடட்டும், நான்கை யாரும் தொட வேண்டாம். எந்தச் செடி யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரி. தினமும் அதே நேரம், அதே இடத்தில். ஒரு வாரம் கழித்து ஆளை மாற்று. தொட்டபின் இலை மீண்டும் விரிய எத்தனை நிமிடம் என்று குறி. மாலையில் தொடங்காதே, இருட்டினால் தானாகவே மூடிக்கொள்ளும். வித்தியாசம் வராவிட்டால் வரவில்லை என்றே அட்டையில் எழுது.

கடிகாரம் பார்த்து எழுதுபவருக்கு எதை யார் தொட்டார்கள் என்று தெரியக்கூடாது. அதற்கு வெளியாள் ஒருவர் வேண்டும்.

நான்காம் முறை திருவையாறு: பிரஷ் தொட்டாலும் உற்றறிவே என்பதை மாணவிக்குச் சொல்லுங்கள்.

ஐயா, திருவையாற்றிலிருந்து கண்டியூர் கூப்பிடு தூரம். ஒரு வாரம் காலையில் கடிகாரத்தோடு போய் உட்கார முடியுமா?