தகரத்தில் ஓட்டை போடுவது: கேள்வி பதில்

தகடு, தகரத்தில் துளை போடுவது பற்றி டெல்டா நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

மன்னார்குடி: மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் 20 மி.மீ. கேபிள் கிளாண்ட் (கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் மூடி) மாட்ட வேண்டும். பெரிய டிரில் பிட்டால் போட்டால் ஓட்டை முக்கோணமாக வருகிறதே?

மெல்லிய தகட்டில் பிட்டின் முழு அகலம் இறங்குவதற்குள் நுனி மறுபக்கம் போய்விடும். நடுவில் பிடிமானம் இல்லாமல் பிட் தள்ளாடும், அதனால்தான் முக்கோணம். ஸ்டெப் டிரில் (படிப்படியாக அகலமாகும் கூம்பு பிட்) வாங்குங்கள். சென்டர் பஞ்சால் (கூர்முனைக் கம்பி) குறி அடித்து, 3 மி.மீ. பிட்டால் முதல் துளை, அப்புறம் ஸ்டெப் டிரில். வேகம் குறைவாக, நுனியில் ஒரு சொட்டு எண்ணெய். கடைசிப் படிக்கு முன் நிறுத்தி கிளாண்டை வைத்துப் பாருங்கள். பெரிதாகிவிட்ட ஓட்டையைச் சிறிதாக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் மெயினை இறக்குங்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். முடிந்தால் ஸ்டார்ட்டரை வெளியே எடுத்துவிடுங்கள். இரும்புச் சுருள் ஒன்று உள்ளே கிடந்தாலும் ஷார்ட் ஆகும். ஓட்டை பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும், மழைத்தண்ணீர் இறங்காது.

கும்பகோணம்: சின்ன தகடுதானே, கையுறை போட்டுக்கொண்டு கையில் பிடித்தால் போதாதா?

வேண்டவே வேண்டாம். சுற்றும் பிட்டில் கையுறை நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். தகட்டைத் தூக்கி வைக்கும்போது கையுறை போடுங்கள், டிரில் ஓடும்போது கழற்றிவிடுங்கள். தோள் துண்டு, கைக்கயிறு எதுவும் கூடாது.

பிட் மறுபக்கம் வெளிவரும் அந்த நொடிதான் மோசமானது. துளையின் விளிம்பு பிட்டின் புரியில் மாட்டி, தகடு மின்விசிறி மாதிரி சுழலும். அடியில் பலகை வைத்து, இரண்டு சி கிளாம்பால் இறுக்குங்கள். வெளிவரப் போகிறது என்று தெரிந்ததும் அழுத்தத்தைக் குறையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். துளை விளிம்பில் நிற்கும் கூர்மையான பிசிறை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். பெரிய பிட்டைக் கையால் இரண்டு சுற்று சுற்றினாலே போய்விடும்.

திருவாரூர்: எவர்சில்வர் தகட்டில் பிட் உடனே மழுங்குகிறது.

காரணம், வேகம் அதிகம், அழுத்தம் குறைவு. வெறுமனே உரசினால் அந்த இடம் இன்னும் இறுகிப்போகும். கோபால்ட் பிட் (கோபால்ட் கலந்த எஃகு பிட்), எண்ணெய், மெதுவான வேகம், விடாத அழுத்தம்.

வேதாரண்யம்: கலர் கூரைத் தகட்டில் திருகு போட்ட இடமெல்லாம் துருப்புள்ளிகள்.

துளைத்த இரும்புத்தூள் அங்கேயே கிடந்திருக்கும். உப்புக்காற்றில் அதுதான் முதலில் துருப்பிடிக்கும். வேலை முடிந்த அன்றே மென்மையான தூரிகையால் கூட்டித் தள்ளுங்கள். திருகை மேட்டில் போடுங்கள், பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடும். ரப்பர் வாஷர் பிதுங்கும்வரை முறுக்காதீர்கள்.

அதே நண்பர்: ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் கியாஸ் கட்டரால் ஓட்டை போடலாமா?

வேண்டாம். துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல் வரும். பூச்சு போன இடமும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பெரிய ஓட்டை என்றால் ஹோல் சா (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்) போதும்.