மாதக் கட்டணம், சலங்கைச் செலவு, பாக்கி: நடன வகுப்புப் பணக் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றுத் தோட்டங்களிலும் பிள்ளைகளைப் பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரும், வகுப்பு நடத்தும் ஆசிரியைகளும் அனுப்பிய கேள்விகள் இவை. வகுப்புக் கணக்கும் பார்க்கும் மூத்த நடன ஆசிரியை ஒருவர் பதில் தருகிறார். பதில்களில் வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்கான எடுத்துக்காட்டுகள் மட்டுமே.

தீபாவளி மாதத்துல ரெண்டே வகுப்புதான் நடந்துச்சு டீச்சர். ஆனா முழு 55 வெள்ளியும் (ரிங்கிட்) கேக்கறாங்க. இது நியாயமா? (இரண்டு பிள்ளைகளின் தாய்)

அந்த ஒரு மாதத்தை மட்டும் பார்த்தால் அநியாயமாகத்தான் தெரியும் அம்மா. வருசத்தைப் பாருங்கள். வகுப்பு சனிக்கிழமைதோறும்; சனிக்கிழமைகள் 52. அதில் தைப்பூசம், சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி, ஆண்டிறுதி விடுமுறை என்று 8 வாரம் போனால் மீதி 44 வகுப்பு. ஒரு வகுப்புக்கு 15 வெள்ளி என்றால் 660. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 55. வருசத்தில் நாலு மாதமாவது ஐந்து சனிக்கிழமை வரும். அப்போதும் அதே 55தான் கட்டுகிறீர்கள்.

ஆனால் இந்தக் கணக்கு நிற்க வேண்டுமென்றால், எந்தெந்தச் சனிக்கிழமை வகுப்பு இல்லை என்ற பட்டியலை வருச ஆரம்பத்திலேயே ஆசிரியை கொடுத்திருக்க வேண்டும். வருசம் முடியும்போது 44க்குப் பதில் 40தான் நடந்திருந்தால், நாலு வகுப்புக்கு ஈடு வகுப்பு அல்லது 60 வெள்ளி கழிவு கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிள்ளை வந்த நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

ஒவ்வொரு மாசமும் முதல் தேதி கட்டச் சொல்றாங்க. எங்க தோட்டத்துல அப்ப சம்பளமே போட்டிருக்க மாட்டாங்க. (செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தகப்பன்)

முதல் தேதி என்பது பட்டணத்தில் மாதச் சம்பளக்காரர்களுக்குச் சரிப்படும். தோட்டத்துக்கு அது தப்பான தேதி. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாவது நாளுக்குள் முதலாளி சம்பளம் போட்டால் போதும். ஓய்வு நாள் வேலை, பொது விடுமுறை வேலை, கூடுதல் நேர வேலை இவற்றுக்கான கூலியை அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாள்வரைகூடக் கொடுக்கலாம். ஆகவே முதல் தேதிக்குக் கேட்டால் பாதிப் பெற்றோர் மாதா மாதம் ‘தாமதம்’ என்ற பெயர் வாங்குவார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை, தேதி மேல்.

தோட்டப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் கடைசி நாள் 10ஆம் தேதியாக இருக்கட்டும், சலுகை நாள் 15. ஒரே தடவையில் முடியாதவர்களுக்கு 10ஆம் தேதி பாதி, 25ஆம் தேதி பாதி என்று எழுதிக் கொடுக்கலாம். ரப்பர் பால் வெட்டும் குடும்பங்களை ஆசிரியைகள் தனியாக நினைவில் வைக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும்போது பால் குறையும். மழையில் பட்டை நனைந்தால் அன்றைக்கு வெட்டே கிடையாது. உடுப்புக் காசு, விழாக் காசு எதையும் அந்த மாதங்களில் கேட்காதீர்கள்.

புதுசா வகுப்பு ஆரம்பிக்கிறேன் அக்கா. 15 பிள்ளைங்க சேர்றாங்க. கட்டணத்தை எப்படி முடிவு பண்றது? (இளம் ஆசிரியை)

பக்கத்து வகுப்பில் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்து ஐந்து வெள்ளி குறைத்து வைப்பதுதான் வழக்கம். அதனால்தான் இரண்டே வருசத்தில் பல வகுப்பு மூடிப் போகிறது. முதலில் உங்கள் செலவை எழுதுங்கள், தங்கச்சி. கோயில் மண்டப வாடகை ஒரு நாளைக்கு 30, மாதம் 120. பெட்ரோல் 80. ஒலிபெருக்கி, பாய், தாளம் தட்டும் தட்டுக்கழி, ரசீதுப் புத்தகம் என்று 30. ஆக 230. உங்கள் உழைப்புக்கு 520 என்று வைத்தால் மொத்தம் 750.

இப்போது 750ஐப் பதினைந்தால் வகுத்தால் 50 வருகிறது. இங்கேதான் தவறு நடக்கும். மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டால் வரவு 600. வாடகையும் பெட்ரோலும் குறையாது. குறைவது உங்கள் சம்பளம்தான், 520 இருந்த இடத்தில் 370. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: 62 வெள்ளி 50 சென். அறுபது என்று வைத்தால் 12 பிள்ளைகளோடு 720, முப்பது குறைகிறது. 13 பேர் இருந்தால் 780, சமாளித்துவிடலாம். சேரும் எண்ணிக்கையை விட்டுவிட்டு, தீபாவளிக்குப் பிறகும் தொடர்ந்து வரப்போகும் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தமிழ்ப்பள்ளி மண்டபம் கேட்பதாக இருந்தால் தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கிடைத்த மண்டபம் பரீட்சை நேரத்தில் கைவிட்டுப் போகும். போகும்போது கட்டிய கட்டணத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கழிவு உண்டா? (பாட்டி)

சட்டமாக இல்லை அம்மா, பல ஆசிரியைகள் மனமுவந்து தருவார்கள். இரண்டாவது பிள்ளைக்கு ஐந்தில் ஒரு பங்கு கழிப்பது தாங்கக்கூடியது. இருவரும் வெவ்வேறு நிலை வகுப்பில் இருந்தால் குறைந்த கட்டணத்தில்தான் கழிவு என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்லைன்ல கட்டிட்டோம்னு படம் அனுப்பறாங்க, ஆனா பணம் வந்து சேரல. (வகுப்பு நடத்தும் ஆசிரியை)

படம் ரசீது ஆகாது. பிற்பாடு போகும்படி தேதி வைத்த பரிமாற்றமும் படத்தில் ‘வெற்றி’ போலவே தெரியக்கூடும். உங்கள் வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பிறகே ரசீது எழுதுங்கள். டூயிட்நாவ் கியூஆர் (கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் குறி) வைத்தால், குறிப்பு எழுதும் இடத்தில் பிள்ளையின் பெயரும் மாதமும் போடச் சொல்லுங்கள். அப்பா பெயரில் பணம் வரும், பிள்ளை பெயர் உங்கள் ஏட்டில் இருக்கும். இரண்டையும் இணைக்க அந்த ஒரு வரிதான் வழி. வகுப்புக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு திறந்துவிடுங்கள். வீட்டுச் செலவோடு கலந்த கணக்கை மூன்றாவது மாதத்தில் யாராலும் பிரிக்க முடியாது.

ரொக்கமாக வந்தால் கார்பன் தாள் வைத்த, எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் போதும். பெயர், எந்த மாதத்துக்கு, எவ்வளவு, யார் கொடுத்தது. பிள்ளை கையில் உறை கொடுத்து அனுப்பும் பெற்றோர் உறையின் மேல் தொகையை எழுதி ஒட்டி அனுப்பட்டும். ஆசிரியை அதை வகுப்பு தொடங்கும் முன்பே பிரித்து எண்ணி, ரசீதை அதே உறையில் போட்டு ஒட்டித் திருப்பி அனுப்பட்டும். நடுவில் ஐந்து வெள்ளி குறைந்தால் முதலில் சந்தேகப்படுவது பிள்ளையைத்தான். அந்தச் சந்தேகம் வரவே இடம் வைக்கக் கூடாது.

மூணு மாசப் பாக்கி. பிள்ளையை நிறுத்தி வச்சாத்தான் கட்டுவாங்களா? (ஆசிரியை)

வேண்டாம். இந்த ஒரு விசயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கும். உள்ளே தட்டுக்கழி ‘தை யா தை’ என்று விழும். வெளியே அதன் கால் தானாகத் தரையைத் தட்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கடன் என்ன தெரியும்? தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்றுதான் நினைக்கும். மறுபடி வகுப்புக்கு வராது. உங்கள் பாக்கியும் வராது.

செய்ய வேண்டியது இது. 15ஆம் தேதி தாண்டினால் அம்மா அல்லது அப்பாவுக்குத் தனிச் செய்தி; பெற்றோர் குழுவில் ஒருபோதும் பெயர் போடாதீர்கள். பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்துத் தொலைபேசி. இரண்டாவது மாதமும் பாக்கி நின்றால் நேரில், வகுப்பு இல்லாத நாளில் பேசுங்கள். அப்போது பழைய பாக்கியையும் நடப்பு மாதத்தையும் பிரித்துவிடுங்கள். பாக்கி 165 என்றால், நடப்பு மாதத்துக்கு 55, பாக்கிக்கு 20, ஆக 75. எட்டு மாதத்தில் 160 அடையும், ஒன்பதாவது மாதம் ஐந்து வெள்ளி. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகக் கேட்டால் ஓடி ஒளிவார்கள், இப்படிப் பிரித்துக் கொடுத்தால் பெரும்பாலும் கட்டிவிடுவார்கள்.

தாமதத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று வட்டி மாதிரி போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் மாதத்துக்கு ஒரே தடவை 5 வெள்ளி, சேரும்போதே எழுதிக் காட்டியிருக்க வேண்டும்.

ஒரு வருசப் பணம் 660ஐ மொத்தமா கட்டிட்டேன். நாலு மாசத்துல வேற ஊருக்கு மாறிப் போறோம். ‘பணம் திருப்பித் தரப்படாது’ன்னு ரசீதுல இருக்கு. (தாய்)

அந்த ஒரு வரியைக் காட்டி முழுப் பணத்தையும் வைத்துக்கொள்ள முடியாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. இனிமேல் தொடர்ந்து கிடைக்க வேண்டிய சேவைக்கு ஒப்பந்தம் செய்தவர் அதை ரத்து செய்யலாம். நடத்துபவர் பிடித்துக்கொள்ளக்கூடியது மொத்த ஒப்பந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து, ஏற்கனவே நடந்த சேவையின் விலை, நீங்கள் வாங்கி வைத்துக்கொண்ட பொருளின் விலை. உங்கள் கணக்கு: நடந்தது 16 வகுப்பு, 240 வெள்ளி. ஐந்து சதவீதம் 33. மீதி 387 உங்களுக்கு வர வேண்டும். பயிற்சிப் புடவையை வகுப்பிலிருந்து வாங்கிக் காசு கட்டாமல் இருந்தால் அதையும் கழித்துக்கொள்ளட்டும்.

நிற்கும் நாளை எழுத்தில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். பேசியும் நடக்கவில்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. பதிவுக்கு 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளிவரை விசாரிப்பார்கள். ஆனால் முதலில் ஆசிரியையிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். இனி எங்கே சேர்த்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள்.

காய்ச்சல்ல ரெண்டு வாரம் வரல. கழிப்பாங்களா? (தகப்பன்)

பொதுவாகக் கழிக்க மாட்டார்கள். மண்டப வாடகை அன்றைக்கும் கட்டியாகிவிட்டது. ஈடு வகுப்பு கேளுங்கள், அதே நிலை பிள்ளைகள் வரும் இன்னொரு நாளில் உட்கார வைப்பார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நோய் என்றால் மருத்துவர் கடிதத்தோடு பாதிக் கட்டணம் கேட்பது முறை.

விஜயதசமிக்குக் குருதட்சிணை 101 வெள்ளின்னு சொல்றாங்க. (தாய்)

குருதட்சிணைக்கு விலை கிடையாது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ; அதோடு உங்களால் முடிந்தது, பதினொரு வெள்ளியோ ஒரு வெள்ளியோ. தொகை குறித்துக் கேட்டால் அது சேர்க்கைக் கட்டணம். அப்படியே பெயர் சொல்லி வாங்கி ரசீது தரட்டும், அதில் தவறில்லை. புனிதமான பெயரைப் போட்டு வாங்கும் காசுக்கு யாரும் ரசீது கேட்கத் துணிய மாட்டார்கள் என்பதுதான் சங்கடம்.

அடுத்த வருசம் சலங்கை பூஜை, மக முதல் தடவை சலங்கை கட்டப் போறா. என்னென்ன செலவு வரும்? உடுப்பு தைக்கணுமா, வாடகைக்கு எடுக்கணுமா? (ஒன்பது வயது மகளின் தாய்)

சலங்கையிலிருந்து தொடங்குகிறேன். அடவுகள் (அடிப்படை ஆட்ட அசைவுகள்) ஓரளவு முடிந்து, முதல் உருப்படியான அலாரிப்பு எடுக்கும்வரை சலங்கை வாங்கவே தேவையில்லை. ஒன்பது வயதுக்கு வரிசை குறைந்த, எடை குறைந்த ஜோடி போதும். கனமானதைக் கட்டினால், முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் கணுக்கால் உள்ளே மடங்கும். தோலில் மணி தைத்திருக்க வேண்டும், ஒட்டியிருக்கக் கூடாது. கையில் பிடித்து உதறிப் பாருங்கள். நாக்கு சிக்கிய மணி ஊமையாக இருக்கும், கடையிலேயே மாற்றச் சொல்லுங்கள்.

உடுப்பை ஒரே தடவை மேடையேற வாடகைக்கு எடுப்பதே புத்தி. வருசத்தில் இரண்டு மூன்று நிகழ்ச்சி உண்டென்றால் தைக்கலாம். தைக்கும்போது ரவிக்கையின் இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள், கால்பகுதி அடியில் மூன்று அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். வளரும் பிள்ளைக்கு அதை அவிழ்த்து விட்டாலே இன்னும் இரண்டு வருசம் ஓடும். இந்த மடிப்பை விடாத தையல்காரரிடம் காசைக் கொட்ட வேண்டாம். நெத்திச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஒட்டியாணம், வங்கி என்னும் தோள்வளை எல்லாம் ஈப்போ கடைகளில் வாங்கலாம், முதல் தடவைக்கு வாடகை போதும். திருப்பிக் கொடுக்கும்போது கொக்கி ஒடிந்திருந்தால் யார் பொறுப்பு என்று எடுக்கும்போதே கேளுங்கள். முன்பணத்தில் பிடிப்பது அங்கேதான்.

பூஜையைக் கோயிலில், ஐந்தாறு பிள்ளைகளுக்குச் சேர்த்து, பதிவு செய்த இசையோடு வைத்தால் அர்ச்சனை, மாலை, சாப்பாட்டுச் செலவு எல்லாம் பங்கு பிரியும். நட்டுவாங்கம் (தாளம் போட்டுச் சொல்கட்டு சொல்வது), பாட்டு, மிருதங்கம், வயலின் என்று நேரடிக் கச்சேரி அரங்கேற்றத்துக்கு இருக்கட்டும். அப்போதும் எத்தனை ஒத்திகை, கோலாலம்பூரிலிருந்து வரும் கலைஞர்களின் பயணமும் தங்குமிடமும் யார் செலவு என்று எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அரங்கேற்றச் செலவு எகிறுவது பெரும்பாலும் கடைசி மாதத்தில் கூடும் ஒத்திகைகளால்தான்.

கட்ட முடியாத ஒரு பிள்ளையை இலவசமா சேர்க்கலாமா? மத்தவங்க கேட்பாங்களே. (ஆசிரியை)

சேருங்கள். பதினைந்துக்கு ஒரு இடம் என்று முன்பே ஒதுக்கி, அதைக் கழித்துவிட்டே கட்டணக் கணக்கைப் போடுங்கள். கோயில் நிர்வாகமோ வசதி உள்ள பெற்றோரோ ஏற்றுக்கொண்டால் ரசீதை அவர்கள் பெயரில் எழுதுங்கள். யாருடைய பிள்ளை என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, அந்தப் பிள்ளைக்கும்தான்.

கட்டணம் ஏத்தணும். எப்ப சொல்லலாம்? (ஆசிரியை)

ஜனவரியிலிருந்து ஏற்றுவதாக இருந்தால் அக்டோபரிலேயே தாளில் எழுதிக் கொடுங்கள்: பழைய தொகை, புதிய தொகை, மண்டப வாடகை எவ்வளவு ஏறியது என்ற ஒரு வரி. ஒரே தடவையில் ஐந்து வெள்ளிக்கு மேல் வேண்டாம். ஆண்டு விழா உடுப்புக்கு அளவு எடுத்த பிறகு ஏற்றவே ஏற்றாதீர்கள். அப்போது நிற்க நினைக்கும் பெற்றோராலும் நிற்க முடியாது, அந்த நெருக்கடியில் வாங்கும் காசு நமக்கு வேண்டாம்.