எந்தக் கொம்பனிச் சாமான் நல்லது?

உப்புவெளியில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அக்கா, நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். மாதச் சாமான் வாங்கப் போனால் பில்லில் பாதி பிஸ்கற், நூடில்ஸ், மோல்ற் மா, சொசேஜஸ்தான். பிள்ளைகளுக்கு 8 வயதும் 5 வயதும். எந்தக் கொம்பனி நல்லது என்று சொன்னால் அதையே வாங்குவேன்."

தங்கச்சி, கொம்பனியை மாற்றிப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. மன்ச்சி பிஸ்கற் வேண்டாம் என்று தியாரா கேக் எடுக்கிறீர்கள், சத்துக்குச் சமபோஷ, கறிக்கு லங்கா சோய், வாசலில் பிள்ளை அழுததற்கு ஒரு றிட்ஸ்பரி சொக்லற். ஐந்தும் சிபிஎல் என்ற ஒரே குழுமத்தின் சாமான். கார்கில்ஸ் கடைக்காரர்தான் கிஸ்ற் ஜாமும் மெஜிக் ஐஸ்கிறீமும் விற்கிறார்கள், கீல்ஸ் குழுமத்துக்குச் சொசேஜஸும் எலிபன்ட் ஹவுஸ் சோடாவும். பிள்ளையின் கண் உயரத்தில் எது இருக்கவேண்டும் என்று தீர்மானிப்பதும் கடைக்காரர்தானே. ஏன், நம்ம திருகோணமலைச் சீனன்குடாவையே பாருங்கள்: நாட்டில் விளையாத கோதுமை கப்பலில் வந்து இறங்கி பிரீமா ஆலையில் மாவாகிறது, அதே குழுமம் கொத்து மீ நூடில்ஸும் விற்கிறது. எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. சோளம், அரிசி, சோயா, பயறு அரைத்த சமபோஷ பிஸ்கற்றைவிட எவ்வளவோ மேல்.

அதனால் பெயரை விட்டுவிட்டுப் பக்கற்றைத் திருப்புங்கள்.

இப்போது என் மேசையில் ஒரு குரக்கன் பிஸ்கற் பக்கற் கிடக்கிறது. முன்னால் குரக்கன் கதிர், பச்சை நிறம், பார்த்தால் வைத்தியரே எழுதித் தந்த மாதிரி. பின்னால் பொடி எழுத்தில் கோதுமை மா, சீனி, மரக்கறிக் கொழுப்பு, அதற்குப் பிறகுதான் குரக்கன். நிறையில் கூடியதைத்தான் முதலில் எழுதுவார்கள், ஆக இது குரக்கன் தூவிய கோதுமைப் பிஸ்கற், அவ்வளவுதான். முதல் மூன்று பெயருக்குள் சீனி வந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்; குளுக்கோஸ் சிரப் என்று வருவதும் அதே குடும்பம்தான்.

பக்கற்றில் உள்ள சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்களையும் பாருங்கள். 2016இல் குளிர்பானங்களுக்கு வந்த அடையாளம், பிறகு மற்ற பக்கற் உணவுகளுக்கும் வந்தது. 100 கிராமில் சீனி 22 கிராமைத் தாண்டினால் சிவப்பு, உப்புக்கு 1.25, கொழுப்புக்கு 17.5. ஆனால் 21 கிராம் சீனி என்றால் செம்மஞ்சள்தான், அதுவே ஐந்து தேக்கரண்டி! செம்மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம்.

நிறம் மட்டும் பார்த்தாலும் போதாது. 2019இல் அமெரிக்காவில் 20 பேருக்கு இரண்டு கிழமை ஆலையில் தயாரான உணவும், இரண்டு கிழமை சாதாரணச் சமையலும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் பரிமாறிய சீனி, கொழுப்பு, உப்பு ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியிருந்தும் ஆலை உணவு கிடைத்த நாட்களில் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடச் சாப்பிட்டார்கள். மென்மையாக இருப்பதால் வேகமாக உள்ளே போகிறது, வயிறு 'போதும்' என்று சொல்வதற்குள் பக்கற் முடிந்துவிடுகிறது.

சரி, வேலைக்குப் போகிற வீட்டில் என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கி எறியாதீர்கள், நடக்காது. முதலில் காலை மோல்ற். அதில் ஏற்கெனவே சீனி இருக்கிறது, அதற்கு மேல் நாம் இரண்டு கரண்டி போடுகிறோம். அந்த இரண்டு கரண்டியை நிறுத்துங்கள், ஒரு மாதம் கழித்துப் பிள்ளைகளுக்கு வெறும் பாலே பழகிவிடும். அடுத்தது நாலு மணிப் பிஸ்கற். இரவே பயறோ கௌபியோ ஊறப் போட்டு, காலையில் சோறு வேகிற நேரத்தில் அவித்து வைத்தால், பின்னேரம் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் கொடுக்கலாம். மூதூர், கிண்ணியாப் பக்கத்துச் சட்டித் தயிர் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு சுவையூட்டிய யோகட் கப் எதற்கு? ரின் மீனும் அப்படித்தான், கடல் பின்வளவில் இருக்கிறது, சூடை மீன் வாங்குங்கள்.

சோயாமீட் வாங்குவதென்றால் கூட வரும் தூளைத் தொடாதீர்கள், உப்பு பெரும்பாலும் அதில்தான். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, வீட்டுத் தூளிலேயே காய்ச்சுங்கள். நூடில்ஸை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்: தூளில் பாதி, ஒரு முட்டை, ஒரு பிடி முருங்கையிலை. முருங்கையிலையைச் சின்னவன் பொறுக்கி ஓரமாக வைப்பான், பொடியாக அரிந்து போடுங்கள்.