அலாய் வீலில் படரும் வெள்ளைக் கோடுகள்: பாலிஷ் போதுமா?

கேள்வி: கார் வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. வீடு தூத்துக்குடியில், கடலுக்கு அருகே. அலாய் வீல்களின் பளபளப்பான முகப்பில் நூல் நூலாக வெள்ளைக் கோடுகள் படர்ந்திருக்கின்றன. ஓரங்களில் கண்ணாடிபோல ஏதோ ஏடு ஏடாக உரிகிறது. நடைபாதைக் கல்லில் உரசிய கீறல்களும் உண்டு. மெட்டல் பாலிஷ் போட்டு நன்றாகத் தேய்த்தும் கோடுகள் அப்படியே இருக்கின்றன. ஒரு கடையில் பவுடர் கோட்டிங் என்கிறார்கள். இன்னொருவர் லேத்தில் கொடுத்து மெல்லச் சீவிவிடலாம் என்கிறார். மூன்றாமவர் நான்கையும் மாற்றச் சொல்கிறார். இதை நானே வீட்டில் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஷோரூமில் பார்த்த அந்த வெட்டு மினுமினுப்பு திரும்ப வேண்டும் என்ற ஆசையை முதலில் கைவிடுங்கள். கடலோர ஊரில் அது உங்களுக்கு ஒத்துவராத அலங்காரம். கீழே அரித்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, முழுச் சக்கரத்துக்கும் வெள்ளி நிறமோ அடர்சாம்பல் நிறமோ அடித்து, மேலே நிறமற்ற காப்புப் பூச்சான லேக்கரை நன்றாகப் பூசுங்கள். உங்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

பாலிஷ் ஏன் பலிக்கவில்லை? நீங்கள் தேய்த்தது அலுமினியத்தை அல்ல, அதன் மேலிருக்கும் லேக்கரை. அரிப்பு நடப்பது லேக்கருக்கு அடியில். சந்தேகமிருந்தால், நல்ல நிலையில் இருக்கும் ஓர் இடத்தில் வெள்ளைப் பருத்தித் துணியால் சிறிது மெட்டல் பாலிஷைத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அங்கே வெறும் உலோகம். துணி வெளுப்பாகவே இருந்தால் லேக்கர் இன்னும் இருக்கிறது. அலாய் வீலை யார் கையில் கொடுப்பதற்கு முன்பும் செய்ய வேண்டிய சோதனை இது. இதைச் செய்யாமலே விலை சொல்லும் கடைக்காரரிடம் நான் வண்டியை விடமாட்டேன்.

பெரும்பாலான கார்களின் அலாய் வீல், சுமார் 7 சதவீதம் சிலிக்கனும் மிகச் சிறிதளவு மெக்னீசியமும் கலந்த அலுமினிய வார்ப்பு. சாதாரண வகையில் பிரைமர் என்ற அடிப்பூச்சு, நிறம், லேக்கர் என்று அடுக்கடுக்காகப் பூச்சு இருக்கும். உங்களுடையது ‘டைமண்ட் கட்’ வகை என்று தெரிகிறது. இதில் சக்கரத்துக்கு முழுவதும் பெயிண்ட் அடித்த பிறகு முகப்பை மட்டும் லேத்தில் சீவி, வெள்ளிபோல மின்னும் அலுமினியத்தை வெளியே கொண்டுவருவார்கள். அந்தச் சீவிய முகப்பைக் காப்பது மேலே இருக்கும் மெல்லிய லேக்கர் மட்டுமே, பிரைமர் கிடையாது. ஒரு சரளைக்கல் தெறித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், உப்பு ஈரம் உள்ளே புகுந்துவிடும். கோட்டின் முனையில் அமிலத்தன்மையுள்ள ஒரு துளி முன்னேறிக்கொண்டே போகிறது. அது விட்டுச்செல்லும் வெள்ளைத் தூள்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியும் வால். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருக்கும்வரை அது நகரும். கடற்காற்றில் உப்புக்கும் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. மேலே எத்தனை முறை மெழுகு போட்டாலும் நிற்காது.

பூச்சு வேலைக்கு முன்பு சக்கரம் பூசத் தகுந்ததா என்று பாருங்கள். கழற்றிய சக்கரத்தைப் பின்புறமிருந்தும் பாருங்கள். முறிவுகள் பெரும்பாலும் உட்புற விளிம்பில்தான் ஒளிந்திருக்கும். மயிரிழை வெடிப்பு கண்ணில் பட்டால் அந்தச் சக்கரத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். வெல்டு வைத்துத் தருகிறேன் என்பவரையும் நம்ப வேண்டாம். இந்த வார்ப்பின் உறுதி வெப்பப் பதனிடலால் வந்தது. சுமார் 540 டிகிரியில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 150 டிகிரிக்குச் சற்று மேலே பல மணி நேரம் வைத்துப் பெற்ற உறுதியை வெல்டின் வெப்பம் அந்த இடத்தில் குலைத்துவிடும். இன்னொன்று: ஒரு டயரில் மட்டும் வாரத்துக்கு வாரம் காற்று இறங்குகிறதா? பஞ்சர் இல்லையென்றால், டயர் உட்காரும் விளிம்பிலும் அதே வெள்ளைத் தூள் படிந்திருக்கக்கூடும். டயரைக் கழற்றும்போது அதையும் நைலான் தேய்ப்பானால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட மூன்று யோசனைகள். லேத்தில் சீவுவது அழகாக வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது. பல கார் நிறுவனங்கள் இதை ஏற்பதில்லை. அதைவிட முக்கியமாக, சீவிய பிறகு மறுபடியும் பிரைமர் இல்லாத வெறும் முகப்பில்தான் லேக்கர் நிற்கும். எந்த வடிவமைப்பால் கெட்டதோ அதையே காசு கொடுத்துத் திரும்ப வாங்குவானேன்? நான்கையும் மாற்றுவது வெடிப்போ வளைவோ இருந்தால் மட்டும் சரி.

பவுடர் கோட்டிங், அதாவது நிறப்பொடியைச் சூட்டில் உருக்கிப் பூச்சாக்குவது, நல்ல வழிதான். வீட்டில் அடிக்கும் எந்தப் பெயிண்டைவிடவும் அது கெட்டி. ஆனால் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பழைய பூச்சை எப்படி எடுக்கிறீர்கள்? ரசாயனத்தாலோ மென்மையான மணல் வீச்சாலோ என்றால் கொடுக்கலாம். சூளையில் வைத்து எரித்து எடுப்போம், கேஸ் தீச்சுடரைக் காட்டி எடுப்போம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பவுடரை உருக்கி இறுக்க 180 முதல் 200 டிகிரி வரை, கால் மணி நேரத்தை ஒட்டிய சூடு போதும். ஒருமுறை என்றால் சக்கரம் தாங்கும். எரித்து எடுக்கும் சூளைகள் 400 டிகிரியை ஒட்டிப் போகின்றன. அந்தச் சூட்டில் அலுமினியம் மென்மையாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

வீட்டில் செய்வதென்றால் ஒரு நேரத்தில் ஒரு சக்கரம். கழற்றிய இடத்தில் ஸ்டெப்னியை மாட்டிக்கொள்ளலாம். ஸ்டெப்னி அளவு சிறிதாக இருந்தால் வண்டியை நகர்த்தாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி விட்டுவைக்க வேண்டாம். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றிக்கொண்டு வருவதே சிறந்தது. முடியாவிட்டால் காற்றை இறக்கிவிட்டு, டயருக்கும் ரிம்முக்கும் இடையே பழைய சீட்டுக்கட்டின் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறினாற்போலச் சுற்றிலும் செருகுங்கள். பெயிண்ட் சீட்டில் விழும், டயரில் படாது. மாஸ்கிங் டேப் ஒட்டி அல்லாடுவதைவிட இது எவ்வளவோ சுலபம்.

ஷாம்பு போட்டுக் கழுவிய பிறகும் பழுப்புப் புள்ளிகள் போகாமல் இருந்தால், அவை சூடாகப் பறந்து வந்து பதிந்த பிரேக் தூசி. அதற்கென்று விற்கும் இரும்புத்துகள் நீக்கி கரைசலைத் தெளித்தால் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். அழுகிய முட்டை வாடை அடிக்கும், பயப்பட வேண்டாம். அடுத்து ஜெல் வகை பெயிண்ட் ரிமூவர். கைக்குத் தடிமனான ரசாயனக் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, வேலை திறந்தவெளியில். பழைய லேக்கர் சுருங்கிப் பொங்கியதும் பிளாஸ்டிக் பட்டையால் வழித்து, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது பெயிண்டோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்னும்.

வேலையின் உயிர் தேய்ப்பதில் இருக்கிறது. வெள்ளைக் கோடு இருந்த இடத்தை 180 எண் உப்புத்தாளால் ஆரம்பித்து 240, 400 என்று இறங்குங்கள். எப்போதும் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். அலுமினியத் தூள் காற்றில் பறப்பது நுரையீரலுக்கும் ஆகாது, நெருப்புக்கும் ஆகாது. (இரும்பு பிடித்த கிரைண்டரிலேயே அலுமினியத்தையும் பிடிக்கும் பட்டறைகளைப் பார்த்தால் எனக்கு உதறல் எடுக்கும். துருத்தூளும் அலுமினியத் தூளும் கலந்தால் தண்டவாளத்தை வெல்டு வைக்கும் தெர்மிட் கலவையின் சரக்கு அது.) தேய்த்த இடத்தைச் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறக் குழிகள் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அரிப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. அதை விட்டுவிட்டு எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் கொப்புளம் எழும். இரும்புக் கம்பித் தேய்ப்பானை அருகிலேயே வைக்காதீர்கள். அது விட்டுச்செல்லும் இரும்புத் துகளே புதிய அரிப்புக்கு வித்தாகும்.

நடைபாதைக் கீறலில் துருத்தி நிற்கும் பிசிர்களை அரத்தால் சமப்படுத்தி, பள்ளத்தை உலோகத் தூள் கலந்த எபாக்சி பட்டியால் நிரப்பலாம். மேலோட்டமான கீறலுக்கு மட்டும்தான் இது. விளிம்பிலிருந்து ஒரு துண்டே பெயர்ந்திருந்தால் பட்டி வைத்து மறைக்கக் கூடாது.

தேய்த்து முடித்ததும் கழுவி, சக்கரத்தின் மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஏடுபோல விரிந்து ஒரே படலமாக நின்றால் பரப்பு தயார். எங்காவது விலகி முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெயோ சிலிக்கனோ, பெரும்பாலும் டயர் பாலிஷின் மிச்சமோ இருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி ஊற்றிப் பாருங்கள். பிறகு வெயிலில் நன்றாகக் காய வைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். தேய்த்த அலுமினியத்தை ராத்திரி முழுக்கக் கடற்காற்றில் வைத்தால் பட்ட பாடு வீண். அலுமினியத்துக்கென்று உள்ள எட்ச் பிரைமரோ எபாக்சி பிரைமரோதான் பிடிக்கும். இரும்புக் கதவுக்கு அடிக்கும் சிவப்பு பிரைமர் ஏடாக உரிந்து வரும்.

பிரைமரை 600 எண் வாட்டர் பேப்பரால் லேசாகத் தடவி, நிறத்தை ஒரு சாண் தூரத்திலிருந்து மூன்று மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே பத்து நிமிடம். கை நிற்கக் கூடாது. வெள்ளி நிறத்தில் ஒரே இடத்தில் நின்றால் மேகம் படிந்தாற்போல் திட்டுத் திட்டாகிவிடும். ஆடிக் காற்றில் தூசி பறக்கும் நாட்களும் வடகிழக்குப் பருவமழை நாட்களும் இதற்கு ஏற்றவை அல்ல. ஈரக்காற்றில் லேக்கர் பால்போல வெளுத்துப்போகும். வெயில் ஏறிய முற்பகல் நல்ல நேரம். கடற்காற்று எழுவதற்குள் முடித்துவிடுங்கள்.

லேக்கரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலக்கும் ‘2கே’ வகையே பிரேக் சூட்டையும் ரசாயனத்தையும் தாங்கும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. துணி முகமூடியால் பயனில்லை. கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி இல்லையென்றாலோ, வீட்டில் யாருக்காவது மூச்சுத் தொல்லை இருந்தாலோ, இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் கார் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள். தேய்க்கும் வேலையை நீங்கள் முடித்துக் கொண்டுபோனால் கூலியும் குறையும்.

பூசக் கூடாத இடங்கள் மூன்று: ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒட்டும் பின்பரப்பு, நட்டு உட்காரும் குழிகள், டயர் உட்காரும் விளிம்பு. இவற்றை டேப்பால் மறைத்த பிறகே அடியுங்கள். நட்டுக் குழியில் தடிமனாகப் பெயிண்ட் இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி நட்டு தளரும். சக்கரத்தை மாட்டிய பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். பவுடர் கோட்டிங் கொடுத்தாலும் இது பொருந்தும்.

டயரை மாட்டும்போது பேலன்சிங் எடையை விளிம்பில் அடிக்க விடாதீர்கள். கிளிப் அடித்த இடத்தில் லேக்கர் வெடிக்கும். அங்கேதான் அடுத்த வெள்ளைக் கோடு பிறக்கும். உட்புறம் ஒட்டும் எடை கேளுங்கள். முதல் வாரம் ஷாம்பு, ரசாயனம் எதுவும் வேண்டாம். அதன் பிறகு கடற்கரைப் பக்கம் போய்வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரால் ஒரு வாளி ஊற்றிக் கழுவுங்கள்; உப்புச் சுவையுள்ள போர்வெல் தண்ணீரை உபயோகிக்க வேண்டாம். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால், சக்கரத்துக்கு ஆசிட் அடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலுமினியத்தின் இயற்கையான காப்புப் படலம் கடும் அமிலத்திலும் கடும் காரத்திலும் கரையும். பளிச்சென்று வெளுக்கும் சில திரவங்களில் ஃபுளோரைடு அமிலமும் இருக்கும். கழுவும் பையனின் கையில் பட்டால் முதலில் எரியக்கூட எரியாமல் உள்ளே இறங்கிப் புண்ணாக்கும்.