"இழவு" என்று எழுதினால் தவறா?

கேள்வி: அப்பாவின் நினைவு மலருக்குப் பெரியப்பா தந்த கட்டுரையில் "எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த பெரிய இழவு" என்று வருகிறது. மலரைத் தயாரிப்பவர், அது வசைச்சொல், மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். மாற்றினால் பெரியப்பா வருந்துவார். என்ன செய்வது?

பதில்: மாற்றாதீர்கள். பெரியப்பா எழுதியது நல்ல தமிழ்.

'இழ' என்ற வினையோடு 'வு' சேர்ந்தால் இழவு, 'ப்பு' சேர்ந்தால் இழப்பு. அவ்வளவுதான். திருக்குறள் 372-இல் வரும் 'இழவூழ்' பொருளை இழக்கச் செய்யும் ஊழ். அங்கே சாவுப் பேச்சே இல்லை. தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாடுகளைச் சொல்லும் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. தாய் தந்தையரை, சுற்றத்தாரை இழப்பதையும் இந்த இழவில் சேர்த்தே உரை சொல்கிறார் பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியர். உங்கள் பெரியப்பா சொல்வதும் அதைத்தானே! பிற்பாடு இழவு வீடு, இழவு சொல்லுதல் என்று சாவுக்கே அது பெயரானது. சாவுச் சொல்லை எரிச்சலில் வீசி வீசித்தான் வசையாக்கினோம்.

'எழவு' என்பது 'எழு' என்பதிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலை எலையாகவும் இடம் எடமாகவும் ஆவது போன்ற பேச்சுத் திரிபுதான் அது.

துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் 'தூய தமிழில் திருத்தித் தருகிறேன்' என்று பக்கக் கணக்கில் பணம் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். ஒரு சொல்லைத் தவறு என்றால், எந்த அகராதியில் அப்படி இருக்கிறது என்று கேளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. இன்று இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். அதைப் புரட்டக்கூடப் பலர் மெனக்கெடுவதில்லை. பள்ளியில் குறளுக்குப் பொருள் எழுதி மதிப்பெண் வாங்க வைக்கிறோம். அதில் உள்ள ஒரு சொல் இன்று ஏன் வேறாக ஒலிக்கிறது என்று எந்த வகுப்பிலும் சொல்வதில்லை. கோபம்தான் வருகிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விழிப்பாக இருங்கள். கட்டுரையில் 'இலவு காத்த கிளி' வந்தால், அதை 'இழவு' என்று 'திருத்த' விடாதீர்கள். அது இலவ மரம். காய் பழுக்கும் என்று கிளி காத்திருக்கும். அது முற்றி வெடித்துப் பஞ்சாய்ப் பறக்கும். அந்த ஏமாற்றம்தான் பழமொழி. சாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நான் பார்த்த அச்சுப்படிகளில் மிகுதியாகக் கண்ட பிழை இதுதான், அதுவும் படித்தவர்கள் கையால்.

சரி, அட்டையிலும் அழைப்பிலும் 'மறைவு' என்றே போடுங்கள். அவசரத்தில் படிப்பவர் காதில் வசைதான் முதலில் விழும். கட்டுரைக்குள் பெரியப்பாவின் சொல் அப்படியே இருக்கட்டும். நிகழ்ச்சியில் அதை வாசிப்பவரிடம் மட்டும் 'இழவு' என்று தெளிவாக உச்சரிக்கச் சொல்லிவையுங்கள்.