எப்போது வந்தீர்கள்?

அன்புள்ள அக்கா,

கேரளத்தின் குளத்தூப்புழை ரப்பர் தோட்டத்தில், இலங்கையிலிருந்து வந்து குடியேறிய பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். கேள்வித்தாளோடு போனால் ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். கதையாகப் பேசவிட்டால் வருடம் மாறுகிறது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார். இதை எப்படி ஆதாரமாக எடுத்துக்கொள்வது?

ம., புனலூர்

அன்புள்ள ம.,

வருடம் கேட்க அந்தப் பாட்டிகளிடம் போகவேண்டாம், அது காகிதத்திலேயே இருக்கிறது. இலங்கையோடு போட்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா கையெழுத்திட்டது. அப்படி வந்தவர்களில் சிலருக்கு வேலை தரத்தான் குளத்தூப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர் வைத்தார்கள். 1976இல் அது உங்கள் புனலூரில் அரசுக் கம்பெனி ஆனது.

நானும் ஒரு பாட்டியிடம் "எப்போ வந்தீங்க?" என்றுதான் ஆரம்பித்தேன். "நாங்க எங்க வந்தோம்? அனுப்புனாங்க" என்றார். பேச்சு அதோடு நின்றுவிட்டது. அப்புறம் ஒருநாள், வரும்போது பெட்டியில் என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். சாயங்காலம்வரை பேசினார். தேயிலைத்தூள் பொட்டலம், லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீட்டிலேயே) விட்டுவந்த அம்மி, கப்பலேற தலைமன்னாருக்குப் போகும் ரயிலை 'அழுகைக் கோச்சி' என்று சொன்னது. பாட்டியின் அக்காவுக்கு இலங்கைக் குடியுரிமை, இவருக்கு இந்திய பாஸ்போர்ட். வழியனுப்ப வந்த அக்காவை அப்புறம் பார்க்கவே இல்லை.

அரசு மொழியில் இவர்கள் அகதிகள் இல்லை, 'தாயகம் திரும்பியோர்'. 1983க்குப் பிறகு படகேறி வந்து முகாம்களில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத குடியுரிமை இவர்களுக்கு வரும்போதே இருந்தது. ஆய்வில் இந்த இரண்டையும் கலந்துவிடாதீர்கள். ஆனாலும் பாட்டி சொன்னது, "அகதியா வந்து எறங்குனோம்". அங்கேயே பிறந்து, கொழுந்து பறித்து, பிள்ளை பெற்றவருக்கு எது தாயகம்? அந்தச் சொல்லைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் தெரியவில்லை.

வந்த பிறகு நடந்ததையும் விடாமல் கேளுங்கள். ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகக் கிள்ளிப் பழகிய கை, விடியும் முன்னே கத்தி பிடித்து, மரத்தில் காயம் படாமல் பட்டையைச் சீவக் கற்றுக்கொண்டிருக்கிறது. "ஆறு மாசம் கை கொழுந்தையே தேடுச்சு" என்றார். எந்தக் கேள்வித்தாளில் இதற்குக் கட்டம் இருக்கிறது?

ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுத்தால் இரண்டையும் எழுதுங்கள். கைக்குழந்தையோடு கப்பலேறியவரும் பதினைந்து வயதில் ஏறியவரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்து முடிந்த பிறகு, மத்தியானத்துக்கு மேல் போங்கள். மகனோ பேரனோ பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால், காபியைக் குடித்துவிட்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.